வொர்க் ஸ்டடி: கடிதத்தில் எழுதியிருக்கும் தொகையும் மாணவர் கைக்கு வரும் பணமும்

உங்கள் கேள்வி இதுதான். அமெரிக்கக் குடியுரிமை பெற்ற உங்கள் மகளுக்கு ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருக்கிறது. அங்கிருந்து வந்த நிதியுதவிக் கடிதத்தில் மானியத்துக்கும் கடனுக்கும் கீழே ‘ஃபெடரல் வொர்க் ஸ்டடி, 2,500 டாலர்’ என்று ஒரு வரி இருக்கிறது. இந்தப் பணம் எப்போது வரும், கட்டணத்தில் கழித்துக்கொள்வார்களா, வேலைக்கும் போனால் படிப்பு கெடாதா என்று கேட்கிறீர்கள். எம்.எஸ். படிப்பதற்காகத் தமிழ்நாட்டிலிருந்து வரவிருக்கும் உங்கள் அண்ணன் மகனுக்கும் இது கிடைக்குமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

ஒரு பல்கலைக்கழகத்தின் நிதியுதவி அலுவலகத்தில் பல ஆண்டுகள் பணியாற்றியவன் என்ற முறையில் முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அந்த 2,500 டாலர் இப்போது உங்கள் மகளிடம் இருக்கும் பணம் அல்ல. வளாகத்தில் வேலை பார்த்து அந்த அளவு வரை அவர் சம்பாதித்துக்கொள்ளலாம் என்ற அனுமதி மட்டுமே அது. வேலை பார்த்த மணி நேரத்துக்குத்தான் கூலி வரும், அதுவும் பார்த்து முடித்த பிறகுதான் வரும். ஒரு மணி நேரம்கூட வேலை பார்க்காவிட்டால் ஒரு டாலர்கூட வராது, அந்த ஆண்டில் ஈட்டாமல் விட்ட தொகையும் அடுத்த ஆண்டுக்குச் சேராது.

இதை அறியாமல் தவித்த குடும்பங்களை ஒவ்வோர் ஆகஸ்ட் மாதமும் பார்த்திருக்கிறேன். மானியம், கடன், வொர்க் ஸ்டடி மூன்றையும் ஒரே பட்டியலில் போட்டுக் கீழே மொத்தத் தொகையை அச்சிட்டு அனுப்பும் வழக்கம் பல கல்லூரிகளில் உண்டு. அந்த மொத்தத்தைக் கட்டணத்திலிருந்து கழித்து, மீதிக்கு மட்டும் பணம் திரட்டி வைத்துக்கொண்டு ஒரு தகப்பனார் என் மேசைக்கு முன்னால் வந்து அமர்ந்தார். கட்டணச் சீட்டில் இன்னும் 1,500 டாலர் நிலுவை காட்டுகிறதே, உங்கள் கணக்கில் ஏதோ தவறு என்றார். அந்தப் பருவத்துக்குரிய வொர்க் ஸ்டடித் தொகை சரியாக 1,500 டாலர். கணக்கில் தவறில்லை, அந்தப் பணத்தை உங்கள் மகன் இனிமேல்தான் சம்பாதிக்க வேண்டும் என்று நான் விளக்கியபோது அவர் முகம் வாடியதை இன்றும் மறக்க முடியவில்லை. தவணைத் திட்டத்தில் சேர்த்துவிட்டு அனுப்பினோம். அந்தப் பட்டியலை அப்படி அச்சிடுவது தவறு என்றே நான் அப்போதும் நினைத்தேன், இப்போதும் நினைக்கிறேன். ஆகவே கட்டணத்துக்கு நீங்கள் போடும் கணக்கிலிருந்து இந்த 2,500 டாலரை முதலில் எடுத்துவிடுங்கள்.

அப்படியானால் இது எதற்கு உதவும்? புத்தகம், கைப்பேசிக் கட்டணம், பேருந்து, சோப்பு, துணி, விடுமுறைக்கு வீட்டுக்கு வந்துபோகும் செலவு என்று மாதாமாதம் கையைக் கடிக்கும் சில்லறைச் செலவுகளுக்கு இது மிகச் சரியான பணம். மணிக்கு 12 டாலர் கூலி என்று வைத்துக்கொண்டால் 2,500 டாலரை ஈட்ட ஏறக்குறைய 208 மணி நேரம் உழைக்க வேண்டும். இரண்டு பருவங்களும் சேர்ந்து 30 வாரங்கள் என்றால், வாரத்துக்கு 7 மணி நேரம் வருகிறது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சம்பளம் போடும் கல்லூரியாக இருந்தால், பிடித்தம் போவதற்கு முன் ஒவ்வொரு முறையும் சுமார் 168 டாலர் வங்கிக் கணக்கில் விழும். மாதத்துக்கு ஒருமுறையாவது சம்பளம் கொடுத்தாக வேண்டும் என்பது விதி.

கூலி எவ்வளவு என்பது இடத்தைப் பொறுத்தது. நாடு முழுவதற்குமான குறைந்தபட்சக் கூலி 2009 முதல் மணிக்கு 7.25 டாலராகவே நிற்கிறது, டெக்சாஸ் மாநிலத்தில் இன்றும் அதுதான் சட்டப்படியான அடித்தளம். கலிஃபோர்னியாவில் 2025-இல் அது 16.50 டாலர். குறைந்தபட்சக் கூலிக்கே வேலை பார்த்தால் அதே 2,500 டாலருக்கு ஓரிடத்தில் 345 மணி நேரமும் மற்றோர் இடத்தில் 152 மணி நேரமும் ஆகிறது. ஒருவருக்கு வாரம் பதினொன்றரை மணி நேரம், இன்னொருவருக்கு ஐந்து மணி நேரம். கடிதத்தில் இருக்கும் தொகையை மட்டும் பார்த்து இரண்டு கல்லூரிகளை ஒப்பிடக் கூடாது என்று நான் சொல்வதற்கு இதுவே காரணம். மணிக்கு எவ்வளவு என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு ஒப்பிடுங்கள்.

இந்தத் திட்டம் எப்படிப் பிறந்தது என்பதை அறிந்தால் அதன் அமைப்பு எளிதில் புரியும். 1964 ஆகஸ்டில் அன்றைய அமெரிக்க அதிபர் லிண்டன் ஜான்சன் கையெழுத்திட்ட பொருளாதார வாய்ப்புச் சட்டத்தின் ஒரு பகுதியாக, வறுமை ஒழிப்பு முயற்சிகளில் ஒன்றாக இது வந்தது. ஜான்சனே டெக்சாஸில் சான் மார்கோஸ் நகரிலிருந்த ஆசிரியர் கல்லூரியில் கூட்டிப் பெருக்கும் வேலை பார்த்தும், பிறகு கல்லூரித் தலைவரின் அலுவலகத்தில் உதவியாளராக இருந்தும் படித்து 1930-இல் பட்டம் பெற்றவர். பெரும் பொருளாதார வீழ்ச்சியின்போது மாணவர்களுக்குப் பகுதிநேர வேலை கொடுத்த தேசிய இளைஞர் நிர்வாகத்தின் டெக்சாஸ் கிளைக்கு 1935 முதல் 1937 வரை தலைவராக இருந்தவரும் அவரே. படிக்க வரும் ஏழைப் பிள்ளைக்கு வேலை கொடுத்தால் போதும், மீதியை அது பார்த்துக்கொள்ளும் என்பதை அவர் தம் வாழ்க்கையிலிருந்து அறிந்திருந்தார். 1965-இல் உயர்கல்விச் சட்டத்தில் கையெழுத்திடுவதற்கு அவர் தேர்ந்தெடுத்த இடமும் அதே சான் மார்கோஸ் கல்லூரிதான்.

சட்டத்தின் சூட்சுமம் கூலியை யார் தருகிறார்கள் என்பதில் இருக்கிறது. பொதுவாகக் கூலியில் 75 விழுக்காடு வரை மத்திய அரசு தருகிறது, மீதி 25 விழுக்காட்டைக் கல்லூரியோ வேலை கொடுப்பவரோ தருகிறார். 12 டாலர் கூலியில் 9 டாலர் அரசுடையது, 3 டாலர்தான் துறையின் பணம். நூலகமோ வேதியியல் ஆய்வகமோ விளையாட்டுத் துறையோ எதுவாக இருந்தாலும் அதன் ஆண்டு ஒதுக்கீடு இறுக்கமானது. ஒரு மணி நேர உதவிக்கு 12 டாலர் தர இயலாத பேராசிரியரும் 3 டாலர் என்றால் யோசிக்காமல் ஒப்புக்கொள்கிறார். முன் அனுபவமே இல்லாத பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு ஆய்வகத்தில் இடம் கிடைப்பதற்கு இந்தக் கணக்கே பெரும்பாலும் காரணமாக இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகளுக்கு வாசிப்போ கணிதமோ சொல்லிக்கொடுக்கும் வேலையாக இருந்தால் முழுக் கூலியையும் அரசே ஏற்கலாம். கல்லூரிகள் தமக்கு ஒதுக்கப்படும் நிதியில் குறைந்தது 7 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்ற விதியும் இருப்பதால், அத்தகைய வேலைகள் ஏதேனும் அநேகமாக எல்லாக் கல்லூரிகளிலும் இருக்கும். ஆசிரியப் பணியில் நாட்டமுள்ள பிள்ளைகளுக்கு நான் முதலில் காட்டியது எப்போதும் இவற்றைத்தான்.

இனி, வெளியே ஒரு கடையில் சம்பாதிக்கும் 2,500 டாலரை விட வொர்க் ஸ்டடியில் சம்பாதிக்கும் 2,500 டாலர் ஏன் கனமானது என்று சொல்கிறேன். ஃபாஃப்சா என்னும் அரசு நிதியுதவி விண்ணப்பப் படிவத்தை நீங்கள் ஒவ்வோர் ஆண்டும் நிரப்ப வேண்டியிருக்கும். அதில் மாணவரின் சொந்த வருமானம் ஒரு குறிப்பிட்ட வரம்பைத் தாண்டினால், தாண்டிய தொகையில் பாதியைப் படிப்புக்குச் செலவிட முடியும் என்று அரசு எடுத்துக்கொள்கிறது. அதாவது வரம்புக்கு மேல் 1,000 டாலர் சம்பாதித்தால், குடும்பத்தால் எவ்வளவு தர முடியும் என்று மதிப்பிடும் நிதியுதவிக் குறியீட்டு எண் 500 வரை ஏறி, தேவை அடிப்படையிலான உதவி அந்த அளவுக்குக் குறையக்கூடும். வொர்க் ஸ்டடியில் வந்த கூலியை இந்தக் கணக்கிலிருந்து கழித்துவிடுகிறார்கள். கோடையிலும் வேலை பார்க்கும் மாணவருக்கு இது சிறிய சலுகை அல்ல. படிவத்தில் வொர்க் ஸ்டடி வருமானத்தைத் தனியாகக் குறிப்பிட மறந்து அந்தச் சலுகையை இழந்தவர்கள் உண்டு. ஆகவே ஆண்டு முடிவில் வரும், மொத்தச் சம்பளத்தைக் காட்டும் டபிள்யூ-2 படிவத்தையும் கடைசிச் சம்பளச் சீட்டையும் பத்திரமாக வைத்திருக்கச் சொல்லுங்கள்.

இரண்டாவது, அரசு ஓய்வூதியத்துக்கான சமூகப் பாதுகாப்பு வரியும் முதியோர் மருத்துவக் காப்பீட்டுக்கான மெடிகேர் வரியும் சேர்ந்து கூலியில் 7.65 விழுக்காடு. தாம் படிக்கும் கல்லூரியிலேயே வேலை பார்க்கும் மாணவர், குறைந்தது பாதிநேரப் பாடச்சுமையுடன் பதிவு செய்திருந்தால், பருவம் நடக்கும் காலத்தில் பெரும்பாலும் இந்தப் பிடித்தம் இல்லை. 2,500 டாலரில் இது 191 டாலர் மிச்சம். வளாகத்துக்கு வெளியே ஒரு தொண்டு நிறுவனம் நேரடியாகச் சம்பளம் தந்தால் இந்த விலக்கு பொருந்தாமல் போகலாம். வருமான வரியைப் பொறுத்தவரை இந்தக் கூலியும் வருமானமே, ஆனால் 2024-ஆம் வரியாண்டுக்குத் தனிநபருக்கான நிலையான கழிவு 14,600 டாலர் என்பதால், இதைத் தவிர வேறு வருமானம் இல்லாத மாணவருக்கு மத்திய வரி விழாது.

மூன்றாவது, வாங்காத கடன். 2024-25 கல்வியாண்டில் இளநிலை மாணவர்களுக்கான அரசுக் கடனின் வட்டி 6.53 விழுக்காடு. 2,500 டாலரைக் கடனாக வாங்கிப் பத்து ஆண்டுகளில் திருப்பிச் செலுத்தினால், படிக்கும் காலத்தில் ஏறும் வட்டியைச் சேர்க்காமலே 900 டாலருக்கு மேல் வட்டியாகப் போகும். நான்கு ஆண்டுகளும் இந்தச் சில்லறைச் செலவுகளுக்கென்று கடன் எடுத்தவர்களையும், கூலியில் சமாளித்தவர்களையும் பட்டமளிப்புக்குப் பிறகு பார்த்திருக்கிறேன். அந்த வேறுபாடு அவர்கள் முதல் வேலையைத் தேர்ந்தெடுக்கும் விதத்திலேயே தெரிந்தது. கடன் குறைவாக இருந்தவர்கள் சற்று நிதானமாகத் தேர்ந்தெடுத்தார்கள்.

படிப்பு கெடுமா என்ற உங்கள் கவலைக்கு வருகிறேன். வாரத்துக்கு ஏழெட்டு மணி நேரம், அதுவும் வளாகத்துக்குள்ளேயே என்றால் கெடாது என்பதே என் அனுபவம். வகுப்பு நடக்க வேண்டிய நேரத்தில் வொர்க் ஸ்டடி வேலை பார்ப்பதை விதிகளே தடுக்கின்றன. தேர்வு வாரத்தில் நேரத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்றால் வளாக மேற்பார்வையாளருக்கு அது புரியும், வெளியே ஓர் உணவகத்தின் இரவு ஷிஃப்டில் அப்படிக் கேட்பது கடினம். வாரம் இருபது மணி நேரத்தைத் தாண்டும்போதுதான் மதிப்பெண் சரியத் தொடங்குவதைப் பலமுறை கண்டேன். எனவே கூடுதல் பணத்துக்காக வெளியே இரண்டாவது வேலை ஒன்றைச் சேர்த்துக்கொள்வதற்கு முன் உங்கள் மகள் நன்றாக யோசிக்க வேண்டும்.

எந்த வேலை என்பதும் முக்கியம். நூலகத்தின் புத்தகம் வழங்கும் மேசையை எடுத்துக்கொள்ளுங்கள். மாலை ஆறு மணிக்கு மாணவி வந்து அமர்கிறாள். திரும்பி வந்த புத்தகங்களின் கோட்டுக்குறியைக் கருவியில் காட்டி வரவு வைக்கிறாள், வண்டியில் எண் வரிசைப்படி அடுக்குகிறாள், மூன்றாம் மாடிக்குத் தள்ளிக்கொண்டு போய் உரிய இடத்தில் செருகிவிட்டு வருகிறாள். எட்டு மணிக்கு மேல் கூட்டம் குறைந்ததும் மேற்பார்வையாளரின் அனுமதியோடு தன் பாடத்தைத் திறக்கிறாள். இது படிப்பைப் பாதிக்காத வேலை. ஆய்வக வேலையில் அந்த ஓய்வு இருக்காது, குடுவை கழுவுவதில் தொடங்கும். ஆனால் இரண்டாம் ஆண்டில் அளவீடுகளைப் பதிவு செய்யும் பொறுப்பு வரும், மூன்றாம் ஆண்டில் பேராசிரியர் பரிந்துரைக் கடிதம் எழுதும்போது அந்த மாணவியைப் பற்றி எழுத அவரிடம் உண்மையான செய்திகள் இருக்கும். முதல் பருவத்தில் நூலகம் போன்ற இடத்தில் தொடங்கி, கல்லூரி பழகிய பிறகு தன் துறைக்கு மாறிக்கொள்வது நல்லது என்று பலருக்குச் சொல்லியிருக்கிறேன்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடக் கூடாது. கடிதத்தில் தொகை இருப்பதால் வேலை தானாக வந்துவிடாது. பெரும்பாலான கல்லூரிகளில் மாணவரே வேலைப் பட்டியலைத் தேடி, விண்ணப்பித்து, நேர்காணலுக்குப் போய்த்தான் வேலை பெற வேண்டும், நல்ல இடங்கள் பருவம் தொடங்கி இரண்டு மூன்று வாரங்களில் நிரம்பிவிடும். கடிதத்திலிருக்கும் வொர்க் ஸ்டடியை இணையத்தில் ஏற்றுக்கொண்டதும், பட்டியல் எப்போது வெளியாகும் என்று நிதியுதவி அலுவலகத்தைக் கேட்கச் சொல்லுங்கள். வேலை கிடைத்தபின் கணக்கையும் அவரே கவனிக்க வேண்டும். மணிக்கு 12 டாலர் கூலியில் வாரம் பத்து மணி நேரம் வேலை பார்த்தால் 21 வாரங்களில் 2,500 டாலர் தீர்ந்துவிடும், அதாவது இரண்டாம் பருவத்தின் நடுவிலேயே. அதற்குப் பின் அரசின் பங்கு நின்றுவிடுவதால் துறை முழுக் கூலியையும் தானே தர வேண்டும். சில துறைகள் தரும், பல துறைகளால் முடியாது. ஆகவே ஜனவரியிலேயே மேற்பார்வையாளரிடம் மீதித் தொகையைச் சொல்லி நேரத்தைப் பங்கிட்டுக்கொள்வது நல்லது.

உங்கள் அண்ணன் மகனுக்கு ஃபெடரல் வொர்க் ஸ்டடி கிடைக்காது. இது மத்திய அரசின் மாணவர் உதவி என்பதால் குடியுரிமை உள்ளவர்களுக்கும், கிரீன் கார்டு உள்ளவர்கள் போன்ற தகுதி பெற்ற சில பிரிவினருக்கும் மட்டுமே உரியது. இங்கே எச்-1பி விசாவில் வேலை பார்க்கும் நம் குடும்பங்களில், அவர்களைச் சார்ந்தோருக்கான எச்-4 விசாவில் வளர்ந்த பிள்ளைகள் கல்லூரிக்குப் போகும்போது இது பெரும் ஏமாற்றமாக வந்து நிற்கிறது. பால்வாடி வயதிலிருந்து இங்கேயே படித்த பிள்ளையாக இருந்தாலும் அந்த விசாவில் அரசு உதவியும் இல்லை, வளாகத்தில் வேலை பார்க்கும் உரிமையும் இல்லை. எஃப்-1 என்ற மாணவர் விசாவுக்கு மாறினால் வளாக வேலையாவது பார்க்கலாம். உங்கள் உறவில் அப்படி யாராவது இருந்தால் பள்ளி இறுதி ஆண்டிலேயே குடிவரவு வழக்கறிஞரைக் கலந்துகொள்ளச் சொல்லுங்கள்.

எஃப்-1 விசாவில் வரும் மாணவர் பருவம் நடக்கும் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம் வரையிலும், விடுமுறையில் முழு நேரமும் வளாகத்தில் வேலை பார்க்கலாம். உணவகம், புத்தகக் கடை, நூலகம், கணினி உதவி மையம் எல்லாம் இதில் அடங்கும். இரண்டு வேலை இருந்தாலும் இரண்டும் சேர்ந்துதான் 20 மணி நேரம். மணிக்கு 12 டாலர் வீதம் 30 வாரங்களுக்குக் கணக்கிட்டால் ஆண்டுக்கு 7,200 டாலர். இது சாப்பாட்டுக்கும் வாடகையில் ஒரு பங்குக்கும் உதவும், கட்டணத்துக்கு எட்டாது. வளாக வேலையை நம்பி ஒரு பருவக் கட்டணத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு விமானம் ஏறுவது ஆபத்து என்பதை அவருக்கு நீங்கள் அழுத்திச் சொல்ல வேண்டும். கட்டணச் சுமையையே குறைக்கக்கூடியது ஆசிரிய உதவியாளர் அல்லது ஆய்வு உதவியாளர் பணிதான். பல பல்கலைக்கழகங்களில் அதற்குச் சம்பளத்தோடு கட்டணத் தள்ளுபடியும் உண்டு. அதற்குப் பேராசிரியர்களுக்கு இப்போதே எழுதத் தொடங்கலாம்.

பணம் போதாதபோது வளாகத்துக்கு வெளியே பெட்ரோல் நிலையத்திலோ உணவகத்திலோ கையில் காசு வாங்கிக்கொண்டு வேலை பார்க்கலாம் என்று சொல்லிக்கொடுப்பவர்கள் நம்மவர்களிலேயே இருக்கிறார்கள். தயவுசெய்து அவரை அதிலிருந்து காப்பாற்றுங்கள். அனுமதியற்ற வேலை எஃப்-1 தகுதியை முறித்துவிடும். மற்றக் காரணங்களால் தகுதி இழந்தவர்கள் மீட்பு கோரி விண்ணப்பிக்க விதியில் வழியுண்டு, அனுமதியின்றி வேலை பார்த்தவருக்கு அந்த வழியும் அடைபட்டுவிடுகிறது.

வளாக வேலை கிடைத்ததும், வேலை கொடுப்பவரின் கடிதத்தையும் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தின் கடிதத்தையும் எடுத்துக்கொண்டு சமூகப் பாதுகாப்பு எண்ணுக்கு விண்ணப்பிக்க வேண்டும். முதல் ஐந்து நாட்காட்டி ஆண்டுகளில் எஃப்-1 மாணவருக்கும் சமூகப் பாதுகாப்பு, மெடிகேர் பிடித்தம் இல்லை. பொதுவாக இந்த நிலையில் உள்ள வெளிநாட்டவர் நிலையான கழிவைக் கோர முடியாது என்றாலும், இந்தியாவுக்கும் அமெரிக்காவுக்கும் இடையிலான வரி ஒப்பந்தத்தின் 21-ஆம் பிரிவு இந்திய மாணவர்களுக்கு அந்தக் கழிவைத் தருகிறது. வெளிநாட்டவருக்கான வருமான வரிப் படிவமான 1040-என்ஆரை நிரப்பும்போது நம் மாணவர்களில் பலர் இதை அறியாமல் கூடுதல் வரி கட்டிவிடுகிறார்கள். வருமானமே இல்லாத ஆண்டிலும் 8843 என்ற படிவத்தை வரித்துறைக்கு அனுப்ப வேண்டும். முதல் சம்பளச் சீட்டு வந்த அன்றே பிடித்தங்களைப் படித்துப் பார்த்து, அந்த 7.65 விழுக்காட்டைத் தவறாகப் பிடித்திருந்தால் சம்பளப் பிரிவில் சொல்லித் திரும்பப் பெறச் சொல்லுங்கள். அவர்கள் தர மறுத்தால் 843 என்ற படிவத்தின் மூலம் வரித்துறையிடமே கேட்டு வாங்கலாம்.